வேதாளைக் கரையில் நின்றவர்

ஒவ்வொரு வருடமும் பிப்ரவரியில் ஓரியூர் போய் வருவது எங்கள் வீட்டு வழக்கம். என் மனைவி ராமநாதபுரத்துக்காரி. கல்யாணமான புதிதில் மாமனார் அழைத்துக்கொண்டு போனார். அவர் காலத்துக்குப் பிறகு நாங்களே போகிறோம். அருளானந்தர் வெட்டுப்பட்ட இடத்துச் செம்மண்ணைக் கொஞ்சம் காகிதத்தில் மடித்துக்கொண்டு வருவோம். அங்கே வந்து மண் எடுப்பவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் நிறையப் பேர். பிள்ளை வரம் கேட்டு வருவார்கள், மொட்டை போடுவார்கள், கிடா வெட்டிப் பொங்குவார்கள்.

இந்த வருடம் போய்வந்த மறுநாள் என் பழைய அலுவலக நண்பர் வீட்டுக்கு வந்தார். வேதாளைக்காரர். முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கோப்பு எழுதியவர்கள் நாங்கள். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். மேசை மேல் இருந்த மண் பொட்டலத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எங்க ஊர்லயும் உங்க சாமியார் ஒருத்தரை அந்தக் காலத்துல வெட்டினாங்கன்னு சொல்றாங்களே சார். அவருக்கு ஏன் யாரும் மண்ணு எடுக்க வர்றதில்லை?"

கேள்வி நியாயமானது. உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்றேன் பாய்" என்றேன். இதை எழுதுவது அவருக்காகத்தான்.

வேதாளை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில், உச்சிப்புளி தாண்டி, மண்டபம் வருமுன் வரும் ஊர். தெற்கே மன்னார் வளைகுடா. பேருந்தில் போகிறவர்கள் பாம்பன் பாலம் எப்போது வரும் என்று முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதால் இந்த ஊர் கண்ணில் படாமலே போய்விடும்.

அங்கே இறந்தவரின் பெயர் அந்தோனியோ கிரிமினாலி. பெயரைச் சொன்னதும் பாய் சிரித்துவிட்டார். "கிரிமினல்னா பேரு வச்சாங்க?" அறுபது வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் சிரித்தேன். காரைக்காலில் பிரெஞ்சில் படித்த கடைசித் தலைமுறைகளில் நானும் ஒருவன். பள்ளி அலமாரியில் இயேசு சபை மிஷனரிகளைப் பற்றிய பழைய பிரெஞ்சுப் புத்தகங்கள் இருந்தன. அட்டை போய், செல்லரித்து, வெற்றிலை நிறத்தில் கறை படிந்தவை. ஒன்றில் இந்தப் பெயர் வந்தபோது வகுப்பு முழுக்கக் கிசுகிசுத்துச் சிரித்தது. பிரெஞ்சிலும் அந்தச் சொல்லுக்கு ஏறக்குறைய அதே பொருள்தான். ஆசிரியர் பிரம்பை எடுத்த பிறகுதான் அடங்கினோம். அந்த ஆள் செத்த இடம், பிற்பாடு நான் தினமும் பேருந்தில் கடந்துபோகப் போகும் ஊர் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கிரிமினாலி இத்தாலியில் பார்மா பக்கத்தில் சிஸ்ஸா என்ற ஊரில் 1520ல் பிறந்தவர். இஞ்ஞாசியார் ரோமில் இயேசு சபையைத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தபோது அதில் சேர்ந்தார். 1545ல் கப்பலேறிக் கோவா வந்தார். அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். குமரி முனையிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரை நீளும் கரை அது. அங்கே 1535 முதல் 1537 வரையிலான சில வருடங்களில் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். 1542ல் சவேரியார் வந்து அவர்களுக்குத் தமிழில் ஜெபங்கள் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அந்த வேலையைத் தொடரத்தான் இவர் வந்தார். மணலில் கால்நடையாகவே ஊர் ஊராகப் போனார். தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். சவேரியார் இவரை அந்தக் கரையில் இருந்த குருக்களுக்கெல்லாம் தலைவராக நியமித்தார். 1549 ஜனவரியில் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் இவரை ஒரு புனிதர் என்றே சொல்லிப் பாராட்டியிருக்கிறார். அப்போது கிரிமினாலிக்கு வயது 29 கூட ஆகவில்லை.

இந்தக் கரையில் அன்றைக்கு இருந்த பயம் என்ன என்று சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. விஜயநகரத்தின் தெற்குப் படைகளும் அவர்களைச் சார்ந்தவர்களும் அவ்வப்போது கரைக்கு இறங்கி வருவார்கள். வடக்கிலிருந்து வந்த தெலுங்குக் குதிரைக்காரர்களை நம் ஜனங்கள் வடுகர் என்றார்கள். போர்த்துக்கீசியர் அதை 'படகா' என்று எழுதி வைத்தார்கள். குதிரைக்கு முன்னால் கடலோடி என்ன செய்வான்? கடலுக்குள்தான் ஓடுவான். 1544 ஜூனில் குமரி முனையில் அப்படி ஓடியவர்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறிப் பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு அவர்களைத் தேடிப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை, திரும்பிவிட்டார். ஜூன் மாதத்துக் காற்று என்றால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி வேதாளைக்கு வருவோம்.

ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்கள் இந்த வழியாகத்தான் நடந்து வந்து, மண்டபம் முனையிலிருந்து படகேறித் தீவுக்குப் போக வேண்டும். ரயில் பாலம் வந்ததே 1914ல்தான். காசியிலிருந்து வந்தாலும் மதுரையிலிருந்து வந்தாலும் வேறு பாதை இல்லை. போர்த்துக்கீசியர்கள் வேதாளையில் ஒரு சிறு காவல் அமைத்திருந்தார்கள். அதன் தலைவன் ஜொவாம் பெர்னாந்தஸ் கொரேயா. அவன் யாத்திரைப் பாதையை மறித்து அகழி வெட்டி, சாமி கும்பிடப் போகிறவர்களிடம் சுங்கம் வசூலித்தான்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பல மாதம் நடந்து, காலில் கொப்புளத்தோடு வருகிற கிழவனிடம், ராமநாதசுவாமியைப் பார்க்கவேண்டுமா காசை எடு என்று கேட்பவன் என்ன மனிதன்? அவன் என் மதத்துக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. போர்த்துக்கீசியத் தலைவர்களின் பேராசையைப் பற்றிச் சவேரியாரே தம் கடிதங்களில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். சுங்கத்தின் விளைவு சீக்கிரமே வந்தது. 1549ம் வருடத்தின் நடுவில் வடுகப் படை ஆயிரக்கணக்கில் வேதாளையை நோக்கி வந்தது. காவலில் இருந்த போர்த்துக்கீசியச் சிப்பாய்கள் சில பத்துப் பேர்தான். தாக்குப்பிடிக்க முடியாமல் கடல் பக்கம் ஓடினார்கள். சுங்கத்தில் ஒரு காசு பார்க்காத ஊர்ஜனமும் அவர்களோடு சேர்ந்து ஓடவேண்டியதாயிற்று.

அந்த நேரத்தில் கிரிமினாலி அங்கே இருந்தார். அவர் அந்தக் காவலின் ஆள் அல்ல. கரையோர ஊர்களைச் சுற்றிவரும் குரு. பின்னால் உயிர் தப்பியவர்களிடம் அவருடைய சகாக்கள் கேட்டு எழுதிய கடிதங்களிலிருந்துதான் நடந்தது நமக்குத் தெரிகிறது. அவர் கரைக்கு வந்து பெண்களையும் பிள்ளைகளையும் தோணிகளில் ஏற்றினார். நீங்களும் ஏறுங்கள் சுவாமி என்று தோணியில் இருந்தவர்கள் கெஞ்சினார்கள். அவர் ஏறவில்லை. இன்னும் ஏறாதவர்கள் கரையில் இருந்தார்கள், அவர்களிடம் திரும்பினார். அதற்குள் படை அவருக்கும் தோணிகளுக்கும் நடுவே வந்துவிட்டது. மண்டியிட்டுக் கைகளை உயர்த்தினார். முதலில் வந்தவர்கள் அவரைத் தொடாமல் கடந்து போனார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. அதன் பிறகு வந்தவர்களில் ஒருவன் விலாவில் ஈட்டியால் குத்தினான். உடுப்பை உரிந்துகொண்டார்கள். மறுபடி குத்துப்பட்டு விழுந்தவரின் தலையை வெட்டினார்கள். உடலைக் கரை மணலிலேயே அவசரமாகப் புதைத்தார்கள்.

இயேசு சபையில் இப்படி உயிர் விட்ட முதல் ஆள் அவர்தான். ஐரோப்பாவில் இல்லை, ஜப்பானில் இல்லை, நம் வேதாளையில். அவரை இந்தக் கரைக்குத் தலைவராக வைத்த சவேரியார் அந்த வாரங்களில் ஜப்பானுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 15ம் தேதி ககோஷிமாவில் இறங்கினார்.

பாய் இந்த இடத்தில் ஒரு விஷயம் சொன்னார். புத்தகத்தில் கிடைக்காத விஷயம். "எங்க கரை ரொம்ப தூரத்துக்கு ஆழம் இல்லை சார். தோணி பக்கத்துல வராது. இடுப்புத் தண்ணி வரைக்கும் நடந்து போய்த்தான் ஏறணும். சோழகம் அடிக்கிற மாசத்துல அலையும் சேர்ந்துக்கும். பிள்ளைய வச்சிருக்கிற பொம்பளைய ஏத்தணும்னா ரெண்டு பேர் தூக்கி விடணும்." அதாவது ஏற்றிவிடுவது கை காட்டி அனுப்புகிற வேலை அல்ல. ஒவ்வொருவராகத் தூக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் நேரம் ஆகும். குதிரைகள் வருவது தெரிந்துகொண்டே அதைச் செய்யவேண்டும்.

சரி, பாயின் கேள்விக்கு வருகிறேன். ஓரியூர் அருளானந்தர் 1853ல் அருளாளராகவும் 1947 ஜூன் 22ம் தேதி புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். அவருக்கு 144 வருடம் முன்பே, அதே ராமநாதபுரச் சீமையில் இறந்த கிரிமினாலி இன்றுவரை அருளாளரும் இல்லை, புனிதரும் இல்லை. ஏன்?

அருளானந்தரின் விஷயத்தில் காரணம் தெளிவு. லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர், பண்டாரச் சாமியாகக் காவி கட்டி மறவர் நாட்டுக்கு வந்தார். 1686ல் பிடித்துச் சித்திரவதை செய்து, இனி இந்த நாட்டில் போதிக்கக்கூடாது என்று விட்டார்கள். ஐரோப்பா போனவரை அங்கேயே இருக்கச் சொல்லி அரசர் வற்புறுத்தியும் கேட்காமல் திரும்பி வந்தார். தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு பெரிய அநியாயம்தான். நம் பிரசங்கங்களில் அவளைப் பேயாக்கிப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. வழக்குச் சேதுபதியிடம் போனது. 1693 பிப்ரவரி 4ம் தேதி, விபூதிப் புதன்கிழமை, ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. போதித்ததற்காகக் கொன்றார்கள். வேதசாட்சி என்று எழுத எந்தத் தடையும் இல்லை.

திருச்சபையின் பழைய விதி அதுதான். விசுவாசத்தின் மேல் உள்ள வெறுப்பினால் கொன்றிருந்தால் வேதசாட்சி. கிரிமினாலியைக் கொன்றவன் என்ன நினைத்துக் குத்தினான்? அவனுக்கு அவர் யார் என்றே தெரிந்திருக்காது. அகழி வெட்டிக் காசு பிடுங்கியவர்களோடு இருந்த வெள்ளைக்காரன், அவ்வளவுதான். அது சண்டை, சண்டைக்குக் காரணம் சுங்கம். வழக்கறிஞர் மாதிரிப் பார்த்தால் இதை வேதசாட்சியத்தில் சேர்ப்பது கஷ்டம். அவர் மேல் பக்தி உள்ளவர்கள், யாத்திரிகர் தகராறு என்பதால் இதுவும் மதப் பகையே என்று வாதாடலாம். எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. அப்படிச் சொன்னால் தப்பு முழுவதையும் ராமேஸ்வரத்துக்குப் போனவர்கள் மேல் போட்டுவிட்டு, கொரேயாவைத் தப்பவிடுகிறோம்.

குமாஸ்தாவாக இருந்தவனுக்குத்தான் இந்தச் சிக்கல் சட்டென்று புரியும். படிவத்தில் அவருக்கு ஒரு பத்தி இல்லை, அதுதான் சங்கதி.

1990ல் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டபோது ராமேஸ்வரம் கரையில் நாள்தோறும் படகுகள் வந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்போது தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். மண்டபம் முகாமில் பெயர் பதிய ஆள் போதாமல் மற்ற அலுவலகங்களிலிருந்தும் எழுத்தர்களைக் கேட்டார்கள். நானும் பாயும் மூன்று வாரம் போனோம். தென்னங்கீற்றுப் பந்தலுக்கு அடியில் ஒரு மேசை, ஒரு பேரேடு. பெயர், வயது, உறவுமுறை, சொந்த ஊர், வந்த தேதி. வரிசையில் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் சொல்வார்கள். அவர் எங்கே என்று கேட்டால் ஒருத்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எங்கள ஏத்திவிட்டிட்டு அங்கயே நிண்டிட்டார் ஐயா. அம்மாவும் இன்னும் கன சனமும் கரையில இருந்தவை. அடுத்த போட்டில வாறன் எண்டவர்."

அதை எழுத எனக்கு இடம் இல்லை. பேரேடு வந்தவர்களுக்கானது. ஏற்றிவிட்டு நின்றவர்களுக்கு அதில் பத்தி கிடையாது. 'குறிப்பு' என்ற கடைசிக் கட்டத்தில், விரல் அகலம்தான் இருக்கும், "கணவர் வரவில்லை" என்று எழுதினேன். மேலதிகாரி அதையும் அடித்துவிட்டார். வந்தவர் எண்ணிக்கையோடு குழம்பிவிடுமாம். அவர் சொன்னதும் சரிதான். கூட்டல் தப்பக்கூடாது. ஆனாலும் அவர் அடித்த கோடு எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் புருஷன் அடுத்த படகில் வந்தாரா என்று நான் போய் விசாரிக்கவில்லை. வரிசை நீளமாக இருந்தது.

திருச்சபையின் பேரேட்டில் இந்தச் சங்கடம் வேறு இடங்களிலும் வந்திருக்கிறது. போலந்து நாட்டுக் குரு மாக்சிமிலியன் கோல்பே 1941ல் ஆஷ்விட்ஸ் முகாமில், பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குடும்பஸ்தனுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று முன்வந்து இறந்தார். 1971ல் அருளாளராக்கியபோது அவரை வேதசாட்சி என்று சொல்லவில்லை. 1982ல் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைப் புனிதராக்கியபோது வேதசாட்சி என்றே அறிவித்தார். விதியைப் போப்பாண்டவரே கொஞ்சம் வளைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் போப் பிரான்சிஸ் விதியையே மாற்றினார். பிறருக்காகத் தெரிந்தே, தானாக மனமுவந்து உயிரைக் கொடுத்து அதனால் சீக்கிரம் இறந்தவர்களையும் அருளாளராக்கலாம் என்று தனி வழி திறந்தார். யோவான் நற்செய்தி 15ம் அதிகாரத்தில், நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதைப் பற்றி இயேசு சொன்ன இடத்திலிருந்தே அந்த ஆணைக்குப் பெயர் வைத்தார். பேரேட்டில் புதிதாக ஒரு பத்தி கிழித்தார்கள் என்பேன். வேதாளைச் சுவாமியாரை அதில் எழுதுவார்களா என்பது ரோமாபுரியின் வேலை.

கிரிமினாலி செத்ததோடு இந்தக் கரையின் கதை நிற்கவில்லை. அவருக்குப் பிறகு அவர் இடத்துக்கு வந்தவர் அன்ரிக் அன்ரீக்கஸ். வேறொரு காரணத்துக்காக இவரைத் தமிழர்கள் மறக்கக்கூடாது. 1578ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் அச்சடித்தவர் அவர். புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி நடத்தினார். 50 வருடத்துக்கு மேல் இதே கரையில் உழைத்து, 1600ல் கிழவராகச் செத்தார். ஒருவர் ஒரே காலையில் உயிரைக் கொடுத்தார். இன்னொருவர் அரை நூற்றாண்டாக, தவணை முறையில் கொடுத்தார். எது கடினம் என்று கேட்டால், அரசாங்க உத்தியோகத்தில் 36 வருடம் இருந்த எனக்கு இரண்டாவதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் முன்னவர் ஏற்றிவிட்ட ஜனங்கள் இருந்ததனால்தான் பின்னவருக்குப் படிப்பிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆட்கள் மிஞ்சினார்கள்.

இவ்வளவையும் எழுதி முடித்துப் பாய்க்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். சுங்கம் வந்த இடத்தில் "அது சரியில்லை" என்று தலையாட்டினார். முகாம் வந்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், "வாங்க சார், ஒரு தடவை கரையைப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

போன ஞாயிறு மாலை போனோம். பள்ளிவாசல் பக்கம் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பனைமரங்களுக்கு நடுவே நடந்தோம். கரையில் வத்தைகள் கிடந்தன. நைலான் வலையைப் பிரித்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார், நடந்துகொண்டே போனார். எழுபது தாண்டிய மனிதர், சர்க்கரை வேறு, எனக்குப் பயம். வெகுதூரம் போய்த் திரும்பி நின்று, கையை இடுப்பில் வைத்துக் காட்டினார்.

"இந்த இடம் வரைக்கும் வந்தாத்தான் சார் தோணி!"

திரும்பி வர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் கரையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.